டிரெய்லரில் போகும் விமானம்

அமெரிக்காவில் ‘அல்ட்ராலைட்’ எனப்படும் ஒருவகை லேசான விமானத்தை ஓட்டுவதற்கு உரிமம் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், மருத்துவச் சான்றிதழும் வேண்டாம். 1982-இல் வந்த ‘பார்ட் 103’ என்ற விதி இந்தச் சலுகையைத் தருகிறது. அதற்கு ஈடாக அது கேட்பது சில எண்களை மட்டுமே. வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரே இருக்கை. பெட்ரோல் 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர். முழு விசையில் மட்டமாகப் பறந்தாலும் மணிக்கு 102 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. என்ஜின் விசை இல்லாமல் மணிக்கு 44 கி.மீ. வரை வேகம் குறைந்தாலும் இறக்கை விமானத்தைத் தாங்க வேண்டும். பகலில் மட்டும், ஊர்களுக்கு மேலே போகாமல், பொழுதுபோக்குக்காகப் பறக்கலாம்.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு. 1970-களில், என்ஜின் இல்லாத இறக்கையில் தொங்கிப் பறக்கும் ஹேங் கிளைடர் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் மலை இல்லாத சமவெளியிலும் பறக்க வழி தேடினார்கள். ஜான் மூடி என்பவர் 1975-இல் ஒரு கிளைடரில் சிறிய டூ-ஸ்ட்ரோக் என்ஜினைக் கட்டி, தரையில் காலால் ஓடியே மேலே எழுந்தார். மறு ஆண்டு ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் அதைப் பறந்து காட்டினார். அதன் பிறகு கார் ஷெட்டுகளில் அலுமினியக் குழாயும் துணியும் குவிய ஆரம்பித்தன. சில ஆண்டுகளிலேயே அரசு விதி எழுத வேண்டிய அளவுக்கு எண்ணிக்கை பெருகிவிட்டது.

உரிமம் கேட்காத சட்டம் பொறுப்பை முழுக்க உரிமையாளர் தலையில் வைத்துவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டுபவர், மெக்கானிக், பரிசோதகர், விமானி எல்லாம் ஒரே ஆள். அவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த 115 கிலோவிலிருந்தும் அந்த 44 கி.மீ.யிலிருந்தும்தான் கிளைக்கின்றன.

முதலில் இறக்கையைப் பார்ப்போம். இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசியாகிவிடும். மணிக்கு 44 கி.மீ. என்பது நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் சொச்சம். அவ்வளவு மெதுவாகப் போகும்போது ஒரு சதுர மீட்டர் இறக்கை, வடிவம் நன்றாக அமைந்திருந்தால், கிட்டத்தட்ட 15 கிலோவைத் தாங்கும். விமானம் 115, ஓட்டுபவர் 80, பெட்ரோல் 14 என்று கூட்டினால் 209 கிலோ வருகிறது. ஆக, 14 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் இறக்கைப் பரப்பு வேண்டும். விரித்து வைத்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 7 முதல் 10 மீட்டர் வரை வரும். அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப் போகக்கூடிய அகலமோ பொதுவாக 2.6 மீட்டர்தான்.

விமான நிலையத்தில் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகைக்கு எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் செலவு குறைவு என்பதற்காகவே இதில் இறங்கியவருக்கு மாதாமாதம் வாடகை கட்டுவது உறுத்தும். அதனால்தான் மடக்கும் இறக்கை.

மடக்கும் முறையை மிக அழகாகத் தீர்த்தவர் என்று நான் நினைப்பது ஹோமர் கோல்ப். பென்சில்வேனியாவில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் ஃபயர்ஸ்டார், ஃபயர்ஃபிளை விமானங்களில் விமானி உட்காரும் கூண்டு எஃகுக் குழாயால் ஆனது. அதன் பின்பக்கத்திலிருந்து வால் வரை ஒரே ஒரு தடித்த அலுமினியக் குழாய் ஓடுகிறது. இறக்கைக்குள்ளும் முதுகெலும்பாக இருப்பது அதேபோன்ற தடித்த குழாய்தான். மடக்க வேண்டுமென்றால், முன்பக்கம் இறக்கையைக் கூண்டோடு பிணைத்திருக்கும் பெரிய உலோகப் பின்னை (ஆணி போன்றது) உருவ வேண்டும். இறக்கையைக் கீழிருந்து தாங்கும் சாய்வுத் தண்டைக் கழற்ற வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் தட்டான எய்லரானின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். இறக்கையின் பின்பக்கத்தில் எல்லாத் திசையிலும் திரும்பக்கூடிய ஒரு மூட்டு இருக்கிறது. அதைச் சுற்றி இறக்கை திரும்பி, செங்குத்தாகி, வால் குழாயை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வாலின் கிடைத் தட்டுகள் மேல்நோக்கி மடங்கும். இறக்கை கழன்று தனியே வருவதில்லை என்பதால் ஒருவரே செய்துவிடலாம். பழகிய கை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

சரி, மடக்கியாயிற்று. டிரெய்லரில் ஏற்றிவிட்டால் போதுமா? இந்த விமானங்கள் வானத்தில் படும் பாட்டைவிட சாலையில் படும் பாடு அதிகம் என்று அனுபவசாலிகள் சொல்வது சும்மா இல்லை. பறக்கும்போது இறக்கையின் மீது காற்று முன்பக்கமிருந்து, பரவலாக, வடிவமைப்பாளர் கணக்குப் போட்ட திசையில் அழுத்துகிறது. திறந்த டிரெய்லரில் 105 கி.மீ. வேகத்தில் இழுத்துப் போனால், சட்டப்படி இந்த விமானம் மட்டமாகப் பறக்கக்கூடிய உச்ச வேகத்தையே தாண்டிவிடுகிறோம்! அதுவும் தாங்கு தண்டு கழற்றப்பட்டு, இறக்கை நிமிர்ந்து நிற்கும் நிலையில். ஒரு லாரி எதிரே கடந்தால் பக்கவாட்டிலிருந்து அறையும் காற்று, பூட்டாமல் விட்ட எய்லரானையும் வால் தட்டுகளையும் படபடவென்று அடித்து அவற்றின் கீல்களைத் தளர்த்திவிடும்.

இன்னொரு வில்லங்கம் டிரெய்லரின் ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது. ஒரு டன் சுமக்கச் செய்த டிரெய்லரில் 115 கிலோவை வைத்தால் ஸ்பிரிங் அசைந்தே கொடுக்காது. ஒவ்வொரு குழியும் நேராக விமானத்தின் மூட்டுகளுக்குப் போகும். விவரம் தெரிந்தவர்கள் பட்டை ஸ்பிரிங்கில் சில தகடுகளைக் கழற்றிவிட்டு மென்மையாக்குவார்கள். டயர் காற்றையும் பாரத்துக்கு ஏற்றபடி குறைப்பார்கள். கட்டும் பட்டையைத் துணிக்கு மேலே போடவே மாட்டார்கள், எஃகுக் கூண்டிலும் சக்கர அச்சிலும்தான் போடுவார்கள். மடிந்த இறக்கை குழாயைத் தொடும் இடங்களில் தடித்த ஃபோமோ கார்ப்பெட் துண்டோ வைப்பார்கள். நூறு கிலோமீட்டர் தூரம் உரசினால் துணியில் ஓட்டை நிச்சயம். புறப்பட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓரம் கட்டி எல்லாப் பட்டையையும் மறுபடி இழுத்துப் பார்ப்பதும் வழக்கம். முதல் சில கிலோமீட்டர் குலுக்கலில்தான் பட்டைகள் தளரும்.

வசதி இருந்தால் நாலு பக்கமும் மூடிய டிரெய்லர் வாங்குவதே மேல். காற்று, மழை, சாலைச் சரளை எதுவும் அண்டாது. வீட்டு வாசலில் நிறுத்தினால் அதுவே ஹேங்கர். ஆனால் அதற்குள் எலி வரும். இறக்கைக்குள் கூடு கட்டும். அதன் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளவிகள் பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையிலும் வேகமானிக் குழாயிலும் மண் அடைத்துவிடும். காற்றுத் துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்குவது மெல்ல மெல்ல நிற்கும், பெரும்பாலும் மேலே போன பிறகு.

திடலுக்கு வந்து இறக்கையை விரிக்கும் நேரத்தைத்தான் நான் மிகவும் ஆபத்தான நேரமாகக் கருதுகிறேன். சாதாரண விமானத்தைத் தொழிற்சாலையில் ஒருமுறை பூட்டுகிறார்கள். இதை ஒவ்வொரு முறையும் பூட்டுகிறோம். பின்னைப் போட்டுவிட்டு, அதைப் பூட்டும் ஊக்கை மாட்ட மறந்தால் அதிர்விலேயே அது வெளியே நகரும். எய்லரானை இணைக்க மறந்தால் விமானம் ஓடும், எழும்பும். முதல் திருப்பத்தில்தான் தெரியும். இறக்கையைக் கழற்றி மாட்டும் கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) ஓட்டுபவர்கள் இதற்கு ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை அசைக்க, இன்னொருவர் வெளியே எய்லரானைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஸ்டிக்கில் எதிர்ப்பு தெரிந்தால் இணைப்பு உண்மையாகவே பிடித்திருக்கிறது. வெறுமனே அசைத்துப் பார்ப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் மேலே எழ வேண்டும் என்பதையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பூட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து பார்ப்பது பாதுகாப்பு. இந்த விமானங்கள் கூட்டம் சேர்க்கும், கேள்விகள் வரும். அப்புறம் பேசலாம் என்று சொல்லத் தயங்கவே கூடாது.

பின்னைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து அதன் துளைகள் தேயும். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகும். இறக்கை நுனியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட விமானம், எங்கே தேய்ந்தது என்று கண்டுபிடிக்கும் வரை தரையில் இருக்க வேண்டும்.

என்ஜினுக்கு வருவோம். 115 கிலோவுக்குள் 40 குதிரைத்திறன் வேண்டுமென்றால் பல ஆண்டுகளாக ஒரே வழி டூ-ஸ்ட்ரோக்தான். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 447 இந்த உலகின் உழைப்பாளி. இப்போது தயாரிப்பில் இல்லை, ஆனாலும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர்களுக்கு இதன் குணம் புரியும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லாத என்ஜினில் பெட்ரோலிலேயே 50-க்கு 1 என்று கலந்துவிடுவார்கள். 19 லிட்டருக்கு 380 மில்லி. பெட்ரோல் வரத்து குறைந்தால் மசகும் சேர்ந்தே குறைகிறது, கலவை எரியும் சூடு ஏறுகிறது, பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் புகைக்குழாயின் வெப்பமானி இந்த விமானங்களில் வேகமானிக்குச் சமமான முக்கியம். சூடேறாத என்ஜினில் முழு விசை கொடுப்பதும் தப்பு. அலுமினிய பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து இறுகிவிடும்.

இந்த என்ஜின் திடீரென நிற்கக்கூடியது என்று ரோட்டாக்ஸ் தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. லேசான விமானம், கம்பியும் குழாயுமாகக் காற்றை நிறையத் தடுக்கும் உடல். என்ஜின் நின்றால் வேகம் நொடிகளில் கரையும். மூக்கை உடனே கீழே இறக்காவிட்டால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். ஆகவே இறங்க ஒரு வயல் எட்டும் தூரத்தில் இருக்கும்படியே இவர்கள் பறக்கிறார்கள்.

பராமரிப்பு அட்டவணை கறாரானது. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சிலிண்டர் தலையைத் திறந்து கரி சுரண்ட வேண்டும், பிஸ்டன் ரிங் அதன் காடியில் ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். 300 மணி நேரத்தில் கிராங்க் தண்டு உட்பட என்ஜினைப் பிரித்துச் சரிசெய்யும் பெரிய ஓவர்ஹால். எனக்குப் பிடித்த விவரம் இவற்றைவிடச் சின்னது. புகைக்குழாய் இணைப்புகளைப் பிடித்திருக்கும் சுருள் ஸ்பிரிங்குகள் அதிர்வில் முறியும். கோல்ப் போன்ற விமானங்களில் ப்ரொப்பல்லர் விமானிக்குப் பின்னால் சுழல்கிறது. முறிந்த துண்டு நேராக அதற்குள் போகும். அதனால் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நடுவிலும் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து இரு முனையிலும் முறுக்கிவிடுகிறார்கள். மேலே நீளவாட்டில் சூடு தாங்கும் சிலிக்கோனை ஒரு கோடு தடவுகிறார்கள். சிலிக்கோன் அதிர்வை விழுங்கி ஸ்பிரிங்கைக் காப்பாற்றும். மீறி முறிந்தாலும் கம்பி அதைப் பறக்க விடாது. சில ரூபாய் விஷயம். அதே காரணத்துக்காகத் தொப்பி, சாவி, கைபேசி எதுவும் சட்டைப் பையில் தளர்வாக இருக்கக் கூடாது.

துணி பற்றி ஒரு வார்த்தை. இறக்கையில் ஒட்டுவது பாலியஸ்டர். இஸ்திரிப் பெட்டியால்தான் அதைச் சுருக்கி இறுக்குகிறார்கள். கடைசிச் சூடு சுமார் 177 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே போனால் துணி தளர்ந்துவிடும், மறுபடி இறுகாது. எனவே இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தை முன்பே வெப்பமானி வைத்து அளந்துகொள்கிறார்கள். பாலியஸ்டருக்கு எமன் சூரியனின் புற ஊதாக் கதிர். பெயிண்டுக்கு அடியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு பூசுவது அழகுக்கல்ல, அந்தக் கதிரைத் தடுக்கத்தான். ஆசைப்பட்டு இன்னொரு கோட் பெயிண்ட் அடித்தால் 115 கிலோ கணக்கு உதைக்கும். எடை மீறினால் அது பார்ட் 103-இல் சேராது. பதிவும் விமானி உரிமமும் தேவைப்படும் வேறு வகைக்குப் போய்விடும்.

பழைய விமானம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்டின் பளபளப்பை. பார்க்க வேண்டியது போல்ட் தலைகளை. விமானத் தர எஃகு போல்ட்டின் தலையில் பெருக்கல் குறியோ நட்சத்திரக் குறியோ பொறித்திருக்கும். அது இல்லாமல் ஹார்டுவேர் கடை போல்ட் ஒன்று தென்பட்டால் இன்னும் பல இடங்களில் இருக்கும். மூட்டு சுழலும் இடத்தில் பிளவு ஊசி போட்ட நட் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நைலான் வளைய நட் மட்டும் போட்டிருந்தால் சுழற்சியில் கழன்றுவிடும். கட்டுப்பாட்டுக் கம்பிவடத்தை ஒரு துணியால் பிடித்து நீளமாக உருவுங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். கட்டியவரே விற்கிறார் என்றால் கட்டும்போது எடுத்த புகைப்படங்களைக் கேட்டு வாங்குங்கள். துணி ஒட்டுவதற்கு முன் இறக்கையின் உள்ளே ரிவெட்டுகள் எப்படி அடிக்கப்பட்டன, குழாய்களுக்கு அரிப்பு தடுக்கும் பூச்சு கொடுத்தாரா என்பதை, துணியைக் கிழிக்காமல் பார்க்க அந்தப் படங்களைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.