பத்து வருஷமாகப் போடும் சோப்பு திடீரென ஏன் ஒத்துக்கொள்ளாமல் போகிறது?

“பத்து வருஷமா இதே சோப்புதான் டாக்டர், புதுசா எதுவும் மாத்தலை.” கழுத்தில் அரிப்பும் தடிப்புமாகத் தோல் மருத்துவரிடம் போகிறவர்கள் பலரும் சொல்வது இது. சோப்பு குற்றவாளி இல்லை என்பதற்குச் சாட்சியாக அதைச் சொல்கிறார்கள். ஆனால் அது சாட்சியே இல்லை. வாசனைப் பொருள்களால் வரும் அலர்ஜி முதல் தடவையே வருவதில்லை, போட்டுப் போட்டுத்தான் வருகிறது. பத்து வருஷம் பழகியது என்பதாலேயே அதன் மேல் சந்தேகம் வர வேண்டும்.

ஒரு பொருளுக்கு வாசனை இருக்க வேண்டுமானால் அது ஆவியாகி மூக்குக்கு வந்து சேர வேண்டும். அதற்கு மூலக்கூறு சின்னதாக இருக்க வேண்டும். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே நுழைவதற்கும் அதே சின்ன உருவம்தான் வசதி. மூலக்கூறு எடை சுமார் 500-க்கு மேல் போனால் தோலுக்குள் நுழைவது கஷ்டம். லாவண்டரில் இருக்கும் லினலூலின் எடை 154, பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடின் எடை 132. இரண்டும் சுலபமாக நுழைந்துவிடும்.

இவ்வளவு சின்னதை நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்வதில்லை. அது தோலில் இருக்கும் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல். நம் சொந்தப் புரதம் அப்போது வேற்று உருவம் எடுக்கிறது. தோலில் காவலிருக்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன (“அக்குளில் நெறி கட்டியிருக்கு” என்போமே, அதே கணுக்கள்தான்). அங்கே டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் ஒரு கூட்டம் அந்த உருவத்தை அடையாளம் பிடித்துப் பெருகுகிறது. இதற்குக் குறைந்தது பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். வெளியே ஒரு சொறிகூடத் தெரியாது. இது முதல் வருஷமும் நடக்கலாம், பதினோராவது வருஷமும் நடக்கலாம். எக்ஸிமாவாலோ சவரக் காயத்தாலோ தோல் உடைந்திருந்தால் வாய்ப்பு அதிகம்.

ஒரு முறை பிடித்துக்கொண்ட அடையாளம் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அதன் பிறகு கொஞ்சம் பட்டாலே போதும். அப்போதும் உடனே வராது, ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு அடித்த சென்ட்டுக்குச் செவ்வாய்க்கிழமை தடிக்கிறது, பழி அன்றைக்குச் சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் விழுகிறது! கடையில் வாங்கிப் போடும் அலர்ஜி மாத்திரையும் இதற்குப் பெரிதாக உதவாது. அது உடனடி அலர்ஜியில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரை, இங்கே வேலை செய்வது டி செல்கள்.

இதுவரை சொன்னது எந்தத் தொடு அலர்ஜிக்கும் பொருந்தும். வாசனைப் பொருள்கள் பலவற்றுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. லினலூல், லிமோனீன் இரண்டும் சோப்பு, ஷாம்பு, கிரீம், டியோடரண்ட், பாத்திரம் கழுவும் திரவம் என்று எங்கும் இருப்பவை. கொத்தமல்லி விதையின் வாசனை எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். சுத்தமான லினலூலைத் தோலில் வைத்துச் சோதித்தால் அலர்ஜி வருவது அபூர்வம். அதனால் வெகுகாலம் இது சாதுவான பொருள் என்றே நம்பப்பட்டது.

ஸ்வீடன் ஆய்வாளர் ஆன்-தெரீஸ் கார்ல்பெர்க்கும் அவர் குழுவினரும் 1990-களிலிருந்து இதை வேறு கோணத்தில் பார்த்தார்கள். மூடி திறந்த பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது? காற்றிலிருக்கும் ஆக்சிஜன் இந்த மூலக்கூறுகளோடு மெல்ல மெல்லச் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு என்ற பொருள்களை உண்டாக்குகிறது. திறந்துவைத்த நல்லெண்ணெயில் காறல் வாடை வருவதும் இதே ரசாயனத்தால்தான். லினலூலைவிட இந்தக் காறிய லினலூல் அலர்ஜி உண்டாக்குவதில் பல மடங்கு வல்லது. பல நாட்டு மருத்துவமனைகளில் சுமார் 2,900 நோயாளிகளுக்கு அதை வைத்துச் சோதித்தபோது நூற்றுக்கு ஏழு பேர் அளவில் எதிர்வினை காட்டினார்கள். அவர்கள் எல்லாருமே ஏற்கெனவே தோல் தொந்தரவோடு வந்தவர்கள், ஊரில் எல்லாருக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதித்த இடத்தில் தெரியும் லேசான சிவப்பு, அலர்ஜியா வெறும் எரிச்சலா என்ற வாதமும் மருத்துவர்களிடையே இருக்கிறது.

சில பொருள்கள் காற்றுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. சின்னமைல் ஆல்கஹால் என்ற வாசனைப் பொருளைத் தோலில் இருக்கும் என்சைம்களே சின்னமால்டிஹைடாக மாற்றிவிடுகின்றன.

ஆக, ‘இயற்கையானது, கெமிக்கல் இல்லை’ என்ற வாசகத்தை இந்த விஷயத்தில் நான் நம்புவதே இல்லை. டி செல்லுக்குச் செடியும் தெரியாது, தொழிற்சாலையும் தெரியாது. ஜப்பானில் 1960, 70-களில் பெண்கள் பலருக்கு முகத்தில் சாம்பலும் பழுப்புமாகக் கறை படர்ந்தது. அழகுசாதனங்களில் இருந்த சில சாயங்களோடு மல்லிகைச் சாறு, இலாங்-இலாங் பூவின் எண்ணெய் போன்ற வாசனைகளும் காரணமாகத் தெரியவந்தன. மாநிறமும் கறுப்புமான நம் தோலிலும் சிவப்பு சட்டென்று தெரியாது, அப்புறம் மிஞ்சும் கருமைதான் கண்ணில் படும். “வெயிலில் கறுத்துட்டேன்” என்று விட்டுவிடுகிறோம்.

தடம் கண்டுபிடிக்க இடத்தைப் பார்க்க வேண்டும். அக்குளின் குழிக்குள்ளேயே அரித்தால் டியோடரண்ட் மேல் சந்தேகம். குழியை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் துணி. கண்ணிமைத் தோல் ரொம்ப மெல்லியது, கையில் தடவிய கிரீம் கையை ஒன்றும் செய்யாமல், கண்ணைத் தேய்த்ததும் இமையை வீங்கவைக்கும்.

உறுதிப்படுத்த இருப்பது பேட்ச் டெஸ்ட். யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-இல் தொடங்கிவைத்த முறை, அடிப்படை இன்னும் மாறவில்லை. வாஸ்லினில் கலந்த சந்தேகப் பொருள்களைச் சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில் வைத்து, வரிசையாக முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, ஒவ்வொரு இடத்தையும் பேனாவால் குறித்து, இரண்டொரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வியர்வையே பிளாஸ்திரியைக் கழற்றிவிடும், மார்கழி தை பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் ‘அலர்ஜி பிளட் டெஸ்ட்’ வேறு வகை அலர்ஜிக்கானது, தொடு அலர்ஜியை அது காட்டாது.

லேபிள் உதவுமா? ஓரளவுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும், 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டினார்கள். லிரால் என்ற செயற்கை வாசனை பலரைப் பாதித்ததால் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே விற்கவே கூடாது. இங்கே பல பொருள்களில் ‘பெர்ஃபியூம்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது. ‘வாசனையற்றது’ என்று போட்டிருந்தாலும், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க ஒரு வாசனை சேர்த்திருக்கலாம். லினலூல் என்று ஒழுங்காக எழுதியிருந்தால்கூட அது பாட்டிலில் ஊற்றிய அன்றைய கணக்கு. குளியலறை அலமாரியில் ஒரு வருஷம் திறந்துமூடிய பிறகு உள்ளே எவ்வளவு காறியிருக்கிறது என்று எந்த லேபிளும் சொல்லாது.

கிரீம், லோஷன் மாதிரி தடவி விட்டுவிடும் பொருள் என்றால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒன்றிரண்டு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சோப்பு, ஷாம்பு, டெட்டால் வகைகளை இப்படித் தடவி வைக்காதீர்கள், அவை அலர்ஜி இல்லாதவரையும் புண்ணாக்கும்.