டயட் சார்ட் பையனுக்கு மட்டுமா?

“இவனுக்கு ஒரு டயட் சார்ட் போட்டுக் குடுங்க மேடம். நாங்க பாத்துக்கிறோம்.”

குழந்தையின் எடைக்காக வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மதுரையில் உணவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இது மனப்பாடம். சார்ட் எழுதுவது ஒரு பெரிய வேலையே இல்லை. அதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்விகளில்தான் பலருக்குச் சங்கடம், ஏனென்றால் எல்லாமே பெரியவர்களைப் பற்றியவை. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், எத்தனை மணிக்கு? அப்பா நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார்? “என்னைப் பத்தி எதுக்கு மேடம்?” என்று அப்பா நாற்காலியில் கொஞ்சம் நெளிவார்.

எண்ணெய்க் கேள்வி ஒன்றே பாதி வீட்டைக் காட்டிவிடும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நாங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து லிட்டர் டின் மாதக் கடைசிக்குள் காலியாகிறது என்றால், அந்த எண்ணெய் பையன் தட்டுக்கு மட்டும் போயிருக்க முடியாது.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதே கதை பல வீடுகளில் நடக்கிறது. பையனுக்கு 9 வயது. அப்பாவுக்குச் சொந்தக் கடை. ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, கல்லாக் கணக்கை முடித்து, வீடு வந்து சேரப் பத்தேகால் ஆகிவிடும். பையனுக்கு ஏழரைக்கே அம்மா மூன்று இட்லி கொடுத்துவிடுகிறார். அவனும் சாப்பிட்டுவிடுகிறான், ஆனால் தூங்க மாட்டான். அப்பா வருவார், கையில் பொட்டலம் இருக்கும். பரோட்டா சால்னா, சில நாள் கறிதோசை. ராத்திரிச் சாப்பாட்டில் மதுரையை அடித்துக்கொள்ள ஊர் கிடையாது என்ற பெருமை எனக்கும் உண்டுதான். “வாடா தம்பி, ஒரு வாய் வாங்கிக்க” என்று அப்பா கூப்பிடுவார். பகல் முழுக்கக் கண்ணில் படாத பிள்ளை, அவருக்கு அது ஆசை. ஒரு வாய் என்று தொடங்குவது ஒரு பரோட்டாவில் போய் நிற்கும். படுக்கும்போது மணி பதினொன்றரை.

காலை ஆறே முக்காலுக்கு எழுப்பினால் பசி எங்கே இருக்கும்? மால்ட் பவுடர் கலந்த பால் ஒரு டம்ளர், அவ்வளவுதான். அப்புறம் வேன். மதியம் டப்பாவில் ஆறிப்போன லெமன் சாதத்தில் பாதி. நாலரைக்கு வீடு திரும்பும்போது கொலைப் பசி. தெருமுனையில் பஜ்ஜி, இல்லாவிட்டால் பிஸ்கட் பாக்கெட்டும் மாம்பழ ஜூஸும். ஐந்தரைக்கு ட்யூஷன். விளையாட நேரமே இல்லை. திரும்ப ஏழரைக்கு இட்லி, பத்தேகாலுக்கு அப்பா.

இந்தப் பையனுக்கு நான் “காலை 8 மணி: காய்கறி உப்புமா ஒரு கிண்ணம்” என்று சார்ட் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அவனுக்குப் பசிக்காது. அம்மா கத்துவார். இரண்டு வாரத்தில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவிலேயே மஞ்சளாகிவிடும்.

6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவனுக்குக் கிடைப்பது ஏழேகால் மணி நேரம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பையும் பொரித்ததையும் தேடும் பசி. ஆக, சாயங்கால பஜ்ஜிக்குக் காரணம் முந்தின நாள் ராத்திரியில் இருக்கிறது. அந்த ராத்திரி அப்பாவின் கடை நேரத்தில் இருக்கிறது.

இந்த வீட்டில் நாங்கள் மாற்றியது இரண்டே விஷயம். அப்பாவுக்கு எட்டு மணிக்குக் கடைக்கே கேரியர் போயிற்று. பொட்டலம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாறியது, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட. மகனோடு இருக்கும் நேரம் போய்விடுமே என்று அவர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். வேனை நிறுத்திவிட்டு அவரே பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. ஒன்பதரைக்குத் தூங்கியவன் காலையில் தானாகவே பசிக்கிறது என்றான். ஆறு மாதத்தில் எடை ஏறவில்லை, உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது. வளரும் குழந்தைகளில் பலருக்கு இதுதான் இலக்கு: எடை நிற்கட்டும், உயரம் ஓடிவந்து அதைப் பிடிக்கட்டும். பெரியவர்களைப் போலக் கிலோ கணக்கில் இறக்க வேண்டியதில்லை.

“எங்க வம்சமே கொஞ்சம் பெருத்த உடம்பு மேடம்” என்பார்கள். மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வம்சத்தில் மரபணுவோடு சேர்ந்து எண்ணெய் டின்னும், படுக்கும் நேரமும், டிவி முன்னால் தட்டை வைக்கும் பழக்கமும்கூடத்தான் இறங்கி வருகின்றன. பெற்றோரில் ஒருவருக்காவது உடல் பருமன் இருந்தால், 10 வயதுக்குட்பட்ட குழந்தை இப்போது ஒல்லியாக இருந்தாலும்கூட, பெரியவனாகும்போது பருமனாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 1997இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் பக்கம் பெற்றோர் எப்படி இருக்கிறோம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையுள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. ஐந்து வருடத்தில் இவ்வளவு ஏற்றத்துக்கு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது.

பெற்றோரையும் சேர்த்து மாற்றினால் பலன் நிற்குமா என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 6 முதல் 12 வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 1990இல் முடிவு வெளிவந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனை எல்லாக் குடும்பங்களுக்கும் ஒன்றுதான். எடை குறைப்பிலும் பழக்கத்தை மாற்றுவதிலும் யாரை ஊக்குவித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். குழந்தையையும் பெற்றோரையும் சேர்த்து ஊக்குவித்த குழுவில், பத்து வருடம் கழித்தும் குழந்தைகளின் அதிக எடை அளவு (இருக்க வேண்டிய எடையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பது) தொடக்கத்தைவிட 7.5 புள்ளி குறைவாகவே இருந்தது. குழந்தையை மட்டும் கவனித்த குழுவில் 4.5 புள்ளி ஏறியிருந்தது. என் தொழிலில் இதைவிட உபயோகமான ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை.

காய்கறி விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்கே போய்ப் பார்த்தால் புரியும். சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயை அப்பா பேச்சுவாக்கில் விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார். கறிவேப்பிலை, மிளகாய், அதோடு கத்தரிக்காயும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதே விரலால் அதே ஓரத்துக்குத் தள்ளுவான். “இவன் காயே தொட மாட்டேங்கறான்” என்று அம்மா குறை சொல்வது மகனை மட்டும்தான். புதிய காய் ஒன்று குழந்தைக்குப் பிடித்துப்போக எட்டுப் பத்துத் தடவை, சில சமயம் அதற்கு மேலும் தட்டில் வர வேண்டியிருக்கும். திணிக்க வேண்டாம், வைத்தால் போதும். பெரியவர்கள் அதை ருசித்துச் சாப்பிடுவதை அவன் பார்க்க வேண்டும்.

“தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது” என்பதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. உணவை வீணாக்கக் கூடாது, சரி. அப்படியானால் குறைவாகப் பரிமாறுங்கள், வேண்டுமென்றால் கேட்டு வாங்கட்டும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரிய அளவில் பரிமாறினாலும் தன் பசிக்கு மட்டுமே சாப்பிடும், ஐந்து வயதுக் குழந்தை தட்டில் கூடுதலாக வைத்தால் கூடுதலாகச் சாப்பிடும் என்று 2000இல் வந்த ஆய்வொன்று சொல்கிறது. அந்த இடைப்பட்ட காலத்தில் பசியைக் கேட்பதை விட்டுவிட்டுத் தட்டைக் கேட்கக் கற்றுக்கொள்கிறது. கையில் போனைக் கொடுத்து ஊட்டும்போதும் இதேதான் நடக்கிறது. வாய் திறக்கும், வயிறு நிறைந்தது தெரியாது. நாமும் ஒரு கையால் ஸ்க்ரோல் செய்துகொண்டேதானே சாப்பிடுகிறோம்?

இதற்கு நேர் எதிரான தவறு, பூட்டி வைப்பது. மிக்சர் டப்பாவை அலமாரி உச்சியில் வைத்து, குழந்தை தூங்கியபின் பெரியவர்கள் மட்டும் எடுத்துச் சாப்பிடும் வீடுகள் நிறைய. பிள்ளைகளுக்கு அந்த டப்பாவின் சத்தம்கூடத் தெரியும். கண்ணெதிரே இருப்பதைத் தடுக்கத் தடுக்க ஆசை கூடும். தினமும் வேண்டாம் என்று நினைக்கும் பொருளை யாருக்காகவும் வாங்காமல் விடுவதுதான் எளிது. வெளியே போகும்போது எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். “ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா பீட்சா” என்ற பேரத்தையும் விட்டுவிடுங்கள், பரிசாகக் கொடுப்பது எப்போதும் காயைவிட உசத்தியாகத்தான் தெரியும்.

சர்க்கரை பற்றி ஒரு கணக்கு மட்டும். நாளுக்கு 1500 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பின்படி சேர்க்கப்படும் சர்க்கரை 37 கிராமைத் தாண்டக் கூடாது. 19 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 250 மில்லி கோலாவிலேயே ஏறத்தாழ 26 கிராம் இருக்கிறது. மால்ட் பவுடரிலும் சர்க்கரைக்குக் குறைவில்லை. இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைக்கக் கூடாதென்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. வெறும் பால் போதும்.

உடற்பயிற்சியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. 5 வயதுக்கு மேல் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். தெருமுனைக் கடைக்கு நாம் வண்டியை எடுத்தால் பிள்ளையும் நடக்க மாட்டான். ட்யூஷனில் ஒரு நாளையாவது குறையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது அம்மாக்களின் தலையில் பழியைப் போட்டால் எனக்குக் கோபம் வரும். வேலைக்குப் போனால் ‘கவனிக்கலை’, வீட்டில் இருந்தால் ‘ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டா’. சாமான் வாங்குவது ஒருவர், பொட்டலம் கொண்டுவருவது ஒருவர், “புள்ள இளைச்சுப் போயிட்டான்” என்று நெய்யைக் கூட ஊற்றுவது அப்பத்தா. கேள்வி மட்டும் அம்மாவுக்கு. பிள்ளையைக் ‘குண்டு’, ‘பூசணி’ என்று கேலி செய்வதும் வீட்டில்தான் தொடங்குகிறது. செல்லமாகச் சொன்னாலும் வேண்டாம்.

கடைசியாக, சில நேரம் வீட்டுப் பழக்கத்தோடு மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை, தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். தூக்கத்தில் பலத்த குறட்டை, முட்டி வலி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறுவது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும்) கணக்கைப் போனில் போட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். குழந்தைக்கு வயதும் பாலினமும் பார்த்து, அதற்கான வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். “தைராய்டா இருக்குமோ?” என்று பலர் கேட்கிறார்கள். தைராய்டு குறைபாட்டில் பொதுவாக உயர வளர்ச்சி குறையும். வகுப்பில் உயரமாகவும் பருமனாகவும் இருக்கும் பிள்ளைக்குக் காரணம் தைராய்டாக இருப்பது அரிது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

என்னைப் போன்றவர்களிடம் ஆலோசனைக்கு வரும்போது, வீட்டில் சமைப்பவர், சாமான் வாங்குபவர், ராத்திரி கடைசியாக வீடு திரும்புபவர் எல்லோரும் வாருங்கள். பள்ளியில் எடுத்த உயரம், எடைக் குறிப்பையும் மாதச் சாமான் பில்லையும் கொண்டுவாருங்கள். பையன் லீவு போட வேண்டாம். முதல் தடவை அவன் இல்லாவிட்டாலும் பேசிக்கொள்ளலாம்.