மதியம் திருகிய ஊசி, மறுநாள் காலையில் ஜாம்: பாலைவனத்து அவுட்போர்டு பந்தயம்

கொலராடோ ஆற்றின் குறுக்கே 1938-இல் பார்க்கர் அணை எழுந்தபோது அதன் பின்னால் ஹவாசு ஏரி தேங்கியது. ஒரு கரை அரிசோனா, மறு கரை கலிபோர்னியா. சுற்றிலும் பொட்டல் மலை. சங்கிலி ரம்பம் தயாரித்த ராபர்ட் மெக்கல்லக் தன் அவுட்போர்டு எஞ்சின்களை ஓட்டிப் பார்க்க இந்த ஏரியைத்தான் தேர்ந்தெடுத்தார். 1960களில் அதன் கரையிலேயே ஒரு நகரத்தையும் உருவாக்கினார். அந்தக் காலத்தில் தென்மேற்கு அமெரிக்காவின் அமெச்சூர் பந்தயக்காரர்கள், காரின் பின்னால் டிரெய்லரில் ஒட்டுப்பலகைப் படகை ஏற்றிக்கொண்டு இதுபோன்ற ஏரிகளுக்கும் ஆற்றுக்கும் வந்துவிடுவார்கள்.

படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார்தான் அவுட்போர்டு. எஞ்சினின் கொள்ளளவை வைத்து வகுப்பு பிரிப்பார்கள்: ஏ என்றால் 15 கன அங்குலம், பி என்றால் 20, சி 30, டி 40. பி வகுப்பின் 20 கன அங்குலம் என்பது 328 சிசி. நம் பழைய புல்லட் எஞ்சினைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் இது டூ ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்பது இதற்குச் சாதாரணம்.

பாலைவனத்தில் இந்த எஞ்சினைப் பாடாய்ப் படுத்துவது காற்று. காற்று சூடானால் விரிகிறது. சிலிண்டருக்குள் அதே கன அளவு நுழைந்தாலும் ஆக்சிஜன் குறைவு. காலை ஆறரை மணிக்கு 20 டிகிரி, மதியம் 42 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி 7% குறைந்துவிடும். சக்தியும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது காற்றின் உறிஞ்சலை வைத்துப் பெட்ரோலை விடுகிறது. அதனால் காற்று 7% குறையும்போது பெட்ரோல் பாதியளவே, 3.5% மட்டுமே குறைகிறது. கலவை ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சிவிடும். புகை கூடும், வேகம் குறையும், பொறி தரும் ஸ்பார்க் ப்ளக் கறுக்கும்.

அப்போது ஓட்டுநர், முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டரின் ஹைஸ்பீடு ஊசியைக் கொஞ்சம் உள்ளே திருகி, பெட்ரோலைக் குறைத்து லீன் செய்வார். மதியப் பந்தயத்துக்கு அது சரி. அதே ஊசியோடு மறுநாள் காலை குளிர்ந்த காற்றில் இறங்கினால் விபரீதம். இப்போது காற்று அதிகம், பெட்ரோல் போதாது. டூ ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெயும் பெட்ரோலில் கலந்தே வருவதால் வெப்பம் ஏறும் அதே நேரத்தில் எண்ணெயும் குறைகிறது. அலுமினிய பிஸ்டன் இரும்பு சிலிண்டரைவிட வேகமாக விரிந்து, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது ஜாம் பிடித்துவிடும். மதியத்தில் ரிச் ஆக ஓடினால் பந்தயத்தில் ஓர் இடம்தான் போகும். காலையில் லீன் ஆக ஓடினால் எஞ்சினே போகும். சந்தேகம் இருந்தால் ஊசியைக் கொஞ்சம் வெளியே விட்டுவைப்பதே நல்லது.

சோதிக்க ப்ளக்கைப் பார்ப்பார்கள். முழு வேகத்தில் ஓடும்போதே எஞ்சினை அணைத்து, படகு தானாக மிதந்து நிற்கட்டும் என்று விட வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தால் அந்த மெதுவோட்டத்தின் கரிதான் ப்ளக்கில் தெரியும். நடுவிலுள்ள பீங்கான் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து, அதில் ஊசிமுனை அளவுக்குப் பளபளக்கும் அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அடுத்த சுற்றுக்கு அந்த எஞ்சினை இறக்கவே கூடாது.

வெயிலை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஈரப்பதமும் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. கடற்கரையில் 35 டிகிரியும் 80% ஈரப்பதமும் இருக்கும் நாளைவிட, 42 டிகிரியில் 10% ஈரப்பதம் உள்ள பாலைவனக் காற்றில், ஒரே உயரத்தில் ஒப்பிட்டால், ஆக்சிஜன் ஒன்றரை விழுக்காடு அதிகம். உடம்புக்கு எப்படித் தோன்றினாலும் எஞ்சினுக்கு உலர்ந்த சூடே மேல்.

கலிபோர்னியாவின் சால்டன் கடலுக்கு வேகப் படகுக்காரர்கள் படையெடுத்ததும் காற்றை நம்பித்தான். 1905-இல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாயை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்து உருவான ஏரி அது. கடல்மட்டத்துக்குச் சுமார் 70 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி அதிகம் என்பது உண்மைதான், ஆனால் லாபம் 1 விழுக்காட்டைக்கூடத் தொடாது. வெப்பம் இரண்டரை டிகிரி குறைந்தாலே அதே லாபம் கிடைத்துவிடும். இடத்தைவிட நேரம்தான் அங்கே வேகம் தந்தது என்று சொல்வேன். போதாக்குறைக்கு உப்புநீர்: ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவாவிட்டால் குளிர்விக்கும் பாதைகளில் உப்பு உறைந்து, அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

பெட்ரோலை விட்டு மெத்தனாலுக்குப் போன வகுப்புகளில் கணக்கே வேறு. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். ஆகவே இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருளை உள்ளே விடலாம். அது ஆவியாகும்போது பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சுவதால் பாலைவன வெயிலிலும் கார்புரேட்டர் தொட்டால் சில்லென்றிருக்கும். சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலில் கரையாது, பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆமணக்கெண்ணெய் கரையும். அதனால்தான் பந்தயக் கரையெங்கும் விளக்கெண்ணெய் கருகும் வாசனை. ஓர் ஆபத்து: மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் ஊற்றும் இடத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும்.

எஞ்சின் தரும் சக்தியைத் தண்ணீருக்குக் கொடுப்பது ப்ரொப்பெல்லர். ஹைட்ரோப்ளேன் என்ற, நீர்ப்பரப்பை உரசிப் பறக்கும் பந்தயப் படகு ஓடும்போது முன்பக்கத்து இரு மிதவைகளின் நுனியும் பின்னால் ப்ரொப்பெல்லரும் மட்டுமே தண்ணீரைத் தொடும். ப்ரொப்பெல்லர் தண்டின் மையம் படகின் அடிமட்டத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கீழே. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டை மோட்டாருக்கு அடியில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். உயர்த்தினால் இழுவை குறையும். அளவு மீறினால் திருப்பத்தில் ப்ரொப்பெல்லர் காற்றைக் கவ்வி, எஞ்சின் வெறும் சுற்றாகச் சீறும். குளிர்விக்கும் தண்ணீரும் நின்றுபோகும்.

ஒரு சுற்றுக்கு 28 சென்டிமீட்டர் முன்னேறும் (இந்த அளவைத்தான் பிட்ச் என்பார்கள்) ப்ரொப்பெல்லர் நேரடி கியரில் 6,000 சுற்று சுற்றினால் கணக்குப்படி மணிக்கு 100 கி.மீ. தண்ணீரில் பிடி வழுக்குவதால் பத்து விழுக்காடு நழுவல் போனால் 90. மதியக் காற்றில் அதே ப்ரொப்பெல்லரை எஞ்சினால் 6,000-க்கு இழுக்க முடியாமல் போகும். அப்போது ஊசியைத் திருகிப் பயனில்லை. ஒரு சென்டிமீட்டர் குறைந்த பிட்ச் போட்டு எஞ்சினை அதன் சுற்றுக்கு வரவிட வேண்டும்.

மதியத்தோடு காற்றும் வீசத் தொடங்கும். லேசான சிற்றலை படகுக்கு நல்லது. கண்ணாடி போன்ற நீர் அடிப்பலகையை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். எதிர்காற்று வலுத்தால் கதை மாறும். படகின் அடியில் புகும் காற்றின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால், 90-இல் போகும் படகுக்கு 20 கி.மீ. எதிர்காற்று அடித்தாலே விசை ஒன்றரை மடங்கு. மூக்கு தூக்கியதும் இன்னும் காற்று புகும், படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். மண்டியிட்டு ஓட்டுபவர் அதனால்தான் நேர்ப்பாதையில் உடலை முன்னே சாய்க்கிறார். கைப்பிடி த்ராட்டிலும் விரல் தளர்ந்த மறுகணமே ஸ்ப்ரிங் விசையில் மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.