சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு மருந்து பாட்டில்

போன வாரம் ஒரு கிரில் பட்டறைக்காரர் மனைவியோடு வந்தார். வயது 42. வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் வீட்டுக்கு முன்னாலேயே தகர ஷெட் போட்டு கேட், ஜன்னல் கிரில் செய்கிறவர். வலது கண்ணின் கருவிழி நடுவே சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளை. அதற்குப் பின்னால் சீழ் இறங்கி, அடியில் கோடு கட்டி நின்றது. ஒன்பது நாளுக்கு முன்பு கிரைண்டிங் மெஷினில் வெல்டிங்கைத் தேய்க்கும்போது தூள் விழுந்திருக்கிறது.

"இத்தனை நாளா என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல டாக்டர்."

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். உள்ளே இரண்டு பாட்டில். ஒன்று, கண்ணை மரத்துப்போக வைக்கிற சொட்டு. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது. இன்னொன்று ஸ்டீராய்டு, போன வருஷம் பட்டறைக்காரரின் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்தது. பாதி மீதி இருந்ததாம், வீணாகப் போகக் கூடாதே என்று சாமி படத்துக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தார்களாம்.

கருவிழியைச் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை. இந்த மாதம் இப்படி வருவது இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் எல்லாருமே சொன்னது ஒன்றுதான். "மருந்து போட்டதும் நல்லாத்தானே இருந்துச்சு, செவப்பு கூடப் போயிடுச்சே." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சிவப்பு போவது வேறு, நோய் போவது வேறு. கிருமி உள்ளே புகுந்தால் உடம்பு அதோடு சண்டை போடும். கண் சிவப்பதும் வலிப்பதும் தண்ணீர் கொட்டுவதும் அந்தச் சண்டையால்தான். ஸ்டீராய்டு என்ன செய்கிறது? சண்டை போடுகிறவன் கையைக் கட்டிப் போடுகிறது. சண்டை நின்றுவிடும், சிவப்பும் போய்விடும், பார்க்கிறவருக்குக் கண் தெளிந்த மாதிரி இருக்கும். பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? நான்கைந்து நாள் யார் தடையும் இல்லாமல் வளரும். ஆபரேஷன் ஆன மாமியாருக்கு அது சரியான மருந்து. அவருக்குக் கொடுத்தபோது எத்தனை நாள், எத்தனை வேளை, எப்போது குறைப்பது என்று கணக்கு இருந்தது, நடுவில் பரிசோதனையும் இருந்தது. மருமகனுக்குப் போட்டது எந்தக் கணக்கில்? கண் உறுத்தும்போதெல்லாம் இதை மாதக்கணக்கில் போட்டுக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். போன நரம்பு திரும்ப வராது. இன்னொன்று, சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போட வேண்டும். வருஷம் ஆன பாட்டிலுக்குள் என்னவெல்லாம் வளர்ந்திருக்கும்!

மரத்துப்போகும் சொட்டு இன்னும் மோசம். நாங்கள் அதைத் தூசி எடுக்கும்போது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விடுவோம், அவ்வளவுதான். வீட்டுக்கு எழுதித் தரவே மாட்டோம். அதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாது. வலி தெரியாததால் ஆளும் வேலைக்குப் போய்விடுவார். மருந்துக்கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை: சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. எடுத்துக் கொடுக்குமுன் அதை ஒருமுறை படியுங்கள்.

இந்த மரத்துப்போகும் சொட்டு இவர்கள் வீட்டுக்குள் எப்படி வருகிறது? வெல்டிங் வெளிச்சத்தால்தான். பகலில் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, ராத்திரி எல்லாரும் தூங்கியபிறகு, கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிடும். கண்ணைத் திறக்க முடியாது, மூடவும் முடியாது. வீடே எழுந்து உட்காரும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி இருந்தால் தாய்ப்பால் கேட்டுப் போவார்கள், இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். "உடம்பு சூடு" என்பார்கள். உடம்புச் சூடு இல்லை, அக்னி நட்சத்திர வெயிலும் இல்லை. உங்கள் வெல்டிங் ராடு நுனியில் வந்த புற ஊதாக் கதிர். இது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே ஆறிவிடும். ஈரத்துணியைக் கண்மேல் வைத்து, வலி மாத்திரை ஒன்று போட்டு, இருட்டில் படுத்துவிட்டுக் காலையில் வாருங்கள். தாய்ப்பால் பிள்ளைக்குத்தான். கண்ணுக்குள் விட்டால் கிருமியும் சேர்ந்து போகும்.

"கண்ண மூடிகினுதான் டாக்டர் டாக் வச்சேன்" என்று சொல்லாதவர் இல்லை. டாக் என்றால் கம்பிகளை அங்கங்கே ஒரு நொடி பற்றவைப்பது. வெளிச்சம் கிளம்பினபிறகுதான் இமை மூடும். ஒரு கேட்டுக்கு எத்தனை டாக் வைக்கிறீர்கள்? அத்தனை தடவை அடித்தது சேர்ந்துதான் ராத்திரி வலிக்கிறது. கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. 10 அல்லது 11 நம்பர் கண்ணாடி போட்ட ஷீல்டு வேண்டும். ஆனால் கிரைண்டிங்குக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடி ஆகாது, ஒன்றும் தெரியாது என்று கழற்றி வைத்துவிடுவீர்கள். அதற்குப் பக்கவாட்டிலும் மூடியிருக்கிற வெள்ளைக் கண்ணாடி தனியாக வாங்குங்கள். விலை சில நூறு ரூபாய்க்குள்தான். ராணிப்பேட்டைப் பக்கம் பெரிய கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், அங்கே கண்ணாடி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்று. சொந்தப் பட்டறைக்கு வந்ததும் ஏன் கழற்றுகிறீர்கள்?

பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஹெல்பர் வராத நாளில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனைவி. திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது பிள்ளை. இவரோடு வந்த மனைவியையும் உட்காரவைத்துப் பார்த்தேன். "எனக்கும் அப்பப்போ ராத்திரி எரியும், நான் சொல்றதில்ல" என்றார். அந்தம்மாவுக்கு ஒரு ஷீல்டு வாங்க இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நடுவில் ஒரு தகரத் தடுப்பையாவது நிறுத்துங்கள் அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன்.

தூள் விழுந்தால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். போகவில்லை என்றால் அன்றைக்கே வாருங்கள். தீக்குச்சி, துணி நுனி, நாக்கு எதுவும் வேண்டாம். ஒரே நாளில் இரும்புத்தூள் கருவிழியில் துருப்பிடித்து வளையம் கட்டிவிடும். சுத்தியலால் இரும்பின்மேல் அடிக்கும்போது சுருக்கென்று பட்டு, அப்புறம் வலியே இல்லாவிட்டாலும் வாருங்கள். சில்லு கண்ணைத் துளைத்து உள்ளே போயிருந்தாலும் சில சமயம் வலி அதிகம் இருக்காது. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் இதை அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும், காந்தம் அந்தச் சில்லை இழுக்கும்.

பட்டறைக்காரருக்கு இப்போது மணிக்கொரு தரம் மருந்து. மனைவி செல்போனில் அலாரம் வைத்து விடுகிறார். வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஷெட் மூடித்தான் கிடக்கும். புண் ஆறினாலும் நடுவில் வெள்ளைத் தழும்பு நிற்கும்.

அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, ஆரணி ரோட்டு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, எங்களைப் போன்றவர்களிடம் வந்தாலும் சரி, வீட்டில் எதைப் போட்டிருந்தாலும் அந்த பாட்டிலைக் கையோடு எடுத்து வாருங்கள். திட்டுவேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அதைப் பார்த்துத்தான் நான் அடுத்த மருந்து எழுத வேண்டும்.