ஓகரின் தடி உங்கள் கைக்குச் செய்ததல்ல

மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருகிற இந்த மாதங்களில் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) மேசைகள் கூடிவிடும். கூடவே ஒரு வழக்கும் தவறாமல் வரும். குழு ஒரு ஓகரை, அதாவது ராட்சத உருவ எதிரியை, சாய்க்கும். உடம்பு தரையில் விழுவதற்குள் பார்பேரியன் (வெறிகொண்டு அடிக்கும் வீரன்) ஆடுகிற தம்பி, "அண்ணே, அந்த கிரேட்கிளப் எனக்கு. இனி 2டி8 போட்டுக்கிறேன்" என்பான். கிரேட்கிளப் என்பது பெருந்தடி, 2டி8 என்பது எட்டு முக டைஸ் இரண்டை உருட்டி டேமேஜ் போடுவது. கீழக்கரை மேசையென்றால் "காக்கா" (அங்கே அண்ணனுக்கு அதுதான் சொல்) என்று ஆரம்பிப்பான், கோரிக்கை ஒன்றுதான். டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சரி என்பார், அல்லது முடியாது என்பார். ஏன் என்று கேட்டால் இரு பக்கமும் பதில் இருக்காது. அரை மணி நேரம் கூச்சலில் போகும். ஆட்டம் நடத்துவதைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்து சலித்துவிட்டது.

முதலில் எந்தப் பதிப்பு ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். ஓகரின் தடி 3.5 பதிப்பிலும் (2003) 2டி8, 5ஆம் பதிப்பிலும் (2014) 2டி8. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். எண் ஒன்று, வந்த வழி வேறு. 3.5-இல் மீடியம் (மனித அளவு) கிரேட்கிளப் 1டி10. லார்ஜ் (ஒரு படி பெரிது, ஓகர் அளவு) ஆனால் அட்டவணைப்படி 2டி8. 5-இல் கிரேட்கிளப் 1டி8. லார்ஜ் உருவத்துக்கு டைஸ் இரட்டிப்பாகி 2டி8. ஒரு பதிப்பில் அந்தத் தடியை மனிதன் தூக்கவே முடியாது. மற்றதில் தூக்கலாம், டிஸ்அட்வான்டேஜோடு (இருபது முக டைஸை இரு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது).

3.5-இன் விதி மூன்று வரிதான். உங்கள் உருவ அளவுக்குச் செய்யாத ஆயுதம் என்றால், வித்தியாசப்படும் ஒவ்வொரு படிக்கும் தாக்குதலுக்கு உருட்டும் இருபது முக டைஸில் −2. அதே படிக்கணக்கில் பிடியும் மாறும்: பெரிய ஆயுதமானால் லைட் என்பது ஒரு கை ஆயுதமாகும், ஒரு கை என்பது இரு கை ஆயுதமாகும். இரு கையையும் தாண்டினால் அந்த ஆயுதத்தைப் பிடிக்கவே முடியாது. கிரேட்கிளப் ஏற்கெனவே இரு கை ஆயுதம். லார்ஜ் ஆனதும் மீடியம் மனிதனுக்கு மேலே ஏற படி இல்லை. ஸ்ட்ரெங்த் 18 இருந்தாலும் 24 இருந்தாலும் இல்லைதான். "பலம் இருக்கே அண்ணே" என்று இழுக்காதீர்கள், அந்த விதியில் ஸ்ட்ரெங்த் என்ற சொல்லே கிடையாது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் முதல் பதிப்பிலும் இதே கதைதான்.

இனி, ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற தவறான எண்ணத்துக்கு வருவோம். "லார்ஜ் லாங்ஸ்வோர்டும் என் கிரேட்ஸ்வோர்டும் ஒரே நீளம்தானே, அப்புறம் எதுக்கு −2?" லாங்ஸ்வோர்ட் ஒரு கை வாள், கிரேட்ஸ்வோர்ட் இரு கை வாள். சரி, பொருளாகப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுதான். எடையும் ஒன்றுதான்: லாங்ஸ்வோர்ட் 4 பவுண்டு, லார்ஜ் ஆனால் இரட்டிப்பாகி 8, கிரேட்ஸ்வோர்டும் 8. டேமேஜும் இரண்டுக்கும் 2டி6. ஆனால் ஆயுதத்துக்கு முன்னால் எழுதியிருக்கும் "லார்ஜ்" அந்த இரும்பின் அளவைச் சொல்லவில்லை, அதைப் பிடிக்க வேண்டியவனின் அளவைச் சொல்கிறது. கிரிக்கெட் மட்டையில் 6 என்று போட்டிருந்தால் அது எந்த உயரத்துப் பையனுக்கு என்பதுதானே கணக்கு? அதுபோலத்தான். கைப்பிடியின் பருமன், எடை விழுகிற இடம் எல்லாமே எட்டடிக்கு மேல் உயரமான ஒருவனின் உள்ளங்கைக்காகச் செய்தவை. அந்த −2 நீளத்துக்கான அபராதம் அல்ல, பொருந்தாத பிடிக்கானது. விதிப்புத்தகமே ஆயுதத்தின் அளவு வேறு, பொருளாக அதன் அளவு வேறு என்று தனிப் பத்தி போட்டுச் சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். லார்ஜ் லாங்ஸ்வோர்டை இரு கையால் பிடிக்கிற மனிதன், அதே எடைக்கு, அதே டேமேஜுக்கு, −2 வாங்கிக்கொள்கிறான். லாபம் விலையில் மட்டும்: 50 பொற்காசுக்குப் பதில் 30. 20 காசு மிச்சம் பிடிக்க ஒவ்வொரு அடியிலும் 10 சதவீத வாய்ப்பை விடுவதைச் சாமர்த்தியம் என்று சொல்ல முடியவில்லை.

மங்கி கிரிப் என்ற ஃபீட் (பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தனித்திறன்) எடுத்தால்? −2 அப்படியே இருக்கும், பிடி மட்டும் மாறாது. ஓகரின் தடியை அப்போது தூக்கலாம். லார்ஜ் கிரேட்ஸ்வோர்டையும் தூக்கி 3டி6 போடலாம். சராசரி 7 என்பது 10.5 ஆகும். ஸ்ட்ரெங்த் 18, இரு கைப்பிடி, ஆக டேமேஜில் +6. கிரிட்டிகலை (டேமேஜ் பெருகும் அபூர்வ அடியை) விட்டுக் கணக்குப் போடுங்கள். 9 விழுந்தால் படும் என்ற எதிரிக்கு, சாதாரண வாளில் 13 × 60% = 7.8, பெரிய வாளில் 16.5 × 50% = 8.25. 13 விழுந்தால்தான் படும் என்ற எதிரிக்கு 5.2-உம் 4.95-உம். அரைப் புள்ளிகூட ஏறவில்லை, கடினமான எதிரியிடம் இறங்குகிறது. இதற்கு ஒரு ஃபீட் செலவு. அதே −2-ஐ பவர் அட்டாக் என்ற வேறு ஃபீட்டில் கொடுத்தால் இரு கை ஆயுதத்துக்கு +4 டேமேஜ் கிடைக்கும், வேண்டாதபோது நிறுத்தியும் வைக்கலாம். படத்தில் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக எடுக்கிறேன் என்றால் தாராளமாக எடுங்கள், பலத்துக்காக என்று சொல்லாதீர்கள்.

5ஆம் பதிப்புக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் விதி ஆட்டக்காரர் புத்தகத்தில் இல்லை. 2014 டிஎம் வழிகாட்டியில், மான்ஸ்டர் உருவாக்கும் பகுதியில் இருக்கிறது: லார்ஜுக்கு டைஸ் இரட்டிப்பு, அதற்கும் அடுத்த படியான ஹ்யூஜுக்கு மூன்று மடங்கு, தன்னைவிடப் பெரிய உருவத்துக்கான ஆயுதத்தால் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ், இரண்டு படி பெரிதானால் தூக்கவே முடியாது என்று டிஎம் சொல்லிவிடலாம். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். 11 விழ வேண்டிய எதிரிக்கு 50% வாய்ப்பு டிஸ்அட்வான்டேஜில் 25% ஆகும். ஸ்ட்ரெங்த் +4 வைத்துப் பார்த்தால் ஓகர் தடிக்குச் சராசரி டேமேஜ் 3.25, சொந்த கிரேட்ஆக்ஸுக்கு (பெருங்கோடரி) 5.25. "ரெக்லெஸ் அட்டாக் போட்டா டிஸ்அட்வான்டேஜ் அடிபட்டுரும்ல?" அடிபடும், அது அட்வான்டேஜ் (இரு உருட்டலில் பெரியதை எடுப்பது) தரும் பார்பேரியன் திறன். ஆனால் உங்களுக்கு வர வேண்டிய அட்வான்டேஜும் சேர்ந்தே போகும். தடி 6.5, அதே ரெக்லெஸோடு கிரேட்ஆக்ஸ் 7.875. லார்ஜ் கிரேட்ஆக்ஸ் கிடைத்தால்தான் 8.5 என்று கொஞ்சம் முந்தும். எப்படியானாலும் எதிரிகள் உங்களை அட்வான்டேஜோடு அடிப்பார்கள்.

பதிப்புகளுக்கு நடுவே பொருள் மாறிய பெயர்கள் தனித் தலைவலி. கோலியாத் என்ற பெரிய உடல் இனத்தின் பவர்ஃபுல் பில்ட் திறன் 3.5-இல் லார்ஜ் ஆயுதத்தை அபராதமில்லாமல் பிடிக்க விடும். 2014-இல் அது சுமப்பது, தள்ளுவது, தூக்குவதற்கு மட்டும். மூட்டை தூக்கலாம், ஓகர் தடியை இலவசமாகச் சுழற்ற முடியாது. ஆளைப் பெரிதாக்கும் என்லார்ஜ் மந்திரமும் இப்படித்தான்: 3.5-இல் ஆள் லார்ஜ் ஆவான், அவன் ஆயுதமும் அட்டவணைப்படி வளரும். 5-இல் ஆயுதம் வளர்ந்தாலும் கூடுவது 1டி4 மட்டும், டைஸ் இரட்டிப்பாகாது. 3.5-இல் மந்திரம் இருக்கும்போது ஓகரின் தடி கச்சிதமாகப் பொருந்தும். தீர்ந்த கணம் கைக்கு அடங்காது. மந்திரம் போடுகிறவரின் நிலைக்கு (லெவல்) ஒரு நிமிடம்தான், எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹாஃப்லிங் (குள்ள இனம், ஸ்மால் அளவு) ஆடுகிறவர்கள் 3.5-இல் மீடியம் லாங்ஸ்வோர்டை இரு கையால் −2-இல் பிடிக்கலாம், மீடியம் கிரேட்ஸ்வோர்டை முடியாது. மனிதன் ஸ்மால் லாங்ஸ்வோர்டைப் பிடித்து "இது இப்போ லைட்" என்று வெப்பன் ஃபினெஸ் (பலத்துக்குப் பதில் சுறுசுறுப்பால் அடிக்க விடும் ஃபீட்) கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஃபீட் உங்கள் உருவ அளவுக்குச் செய்த ஆயுதத்துக்கு மட்டும் என்று எழுதியே இருக்கிறது. பெரிய ஆயுதம் பிடித்தால் எட்டும் தூரம் கூடும் என்பதும் கற்பனை.

ஆடுகிற தம்பி தங்கச்சிகளே, கேரக்டர் தாளில் "பெரிய வாள்" என்று மட்டும் எழுதாதீர்கள். யார் அளவுக்குச் செய்தது, எத்தனை கை, அபராதம் எவ்வளவு, டைஸ் என்ன, நான்கையும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள். கிளிப் போடுங்கள், கச்சான் காற்று அடிக்கிற மொட்டை மாடியில் தாள் பறந்துபோய், நினைவில் இருந்த 3டி6-ஐ யாரும் ஒத்துக்கொள்ளாத கூத்தெல்லாம் தேவையா?

டிஎம்களிடம் ஒரு கெஞ்சல். லார்ஜ் எதிரி கையில் ஆயுதம் கொடுக்கும்போதே அது மேசைக்கு வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சண்டை நடுவில் வேண்டாம். தளர்த்த ஆசையென்றால் தளர்த்துங்கள், ஆனால் அதே சலுகையை அடுத்து வருகிற ஹாஃப்லிங்குக்கும் கொடுங்கள். தூக்க முடியாத தடியை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். 3.5-இல் அது 16 பவுண்டு, லார்ஜ் என்பதால் விலை இரண்டு மடங்காகி 10 பொற்காசு, விற்றால் பாதி. 5 காசுக்காக அதைச் சுமக்கிறார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் காட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள்.