எத்தனை தடவை ஓட்டப் போகிறீர்கள்?

ஒரே கணக்கைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டும் இணை நிரல் வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை மடங்கு வேகமாகும்?” அதை எழுதிச் சரிபார்த்து, நம்பக்கூடிய விடை கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. 4 மணி நேரக் கணக்கை 1 மணி நேரமாக்க 3 மாதம் உட்கார்ந்து எழுதுகிறோம். அதை மொத்தமே 20 தடவைதான் ஓட்டினால் மிச்சம் 60 மணி நேரம்.

அந்த 3 மாதம் எங்கே போகிறது? பெரும்பகுதி பிழை தேடுவதில்தான். ஒருமுறை வெப்பப் பரவல் நிரல் ஒன்று எழுதினோம். கட்டத்தைத் துண்டு போட்டு, ஓர மதிப்புகளைப் பக்கத்துத் துண்டுகளோடு பரிமாறிக்கொள்ளும். மடிக்கணினியில் 4 பிராசஸில் (ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் 4 பிரதிகள்) ஒழுங்காக ஓடியது. பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் பெரிய கட்டத்தைக் கொடுத்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. செயலிகளோ மும்முரமாக உழைப்பதாகக் காட்டின! 9 நாள் தேடினோம்.

பிராசஸ்கள் தமக்குள் செய்தி பரிமாற எம்பிஐ நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தோம். ஒவ்வொரு பிராசஸும் இரு பக்கமும் எம்பிஐ_சென்ட் (அனுப்பும் கட்டளை) போட்டுவிட்டு, அப்புறம்தான் வாங்கிக்கொள்ளப் போனது. செய்தி சிறிதாக இருந்தால் நூலகம் அதை இடைநினைவில் வாங்கி வைத்துக்கொண்டு சென்ட்டை விட்டுவிடும். பெரிதானால் எதிர்ப்பக்கம் வாங்கத் தொடங்கும்வரை சென்ட் திரும்பாது. எல்லோரும் “முதலில் நீ வாங்கு” என்று நின்றுகொண்டிருந்தார்கள். அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்தே செய்யும் எம்பிஐ_சென்ட்ரிசீவ் போட்டதும் சரியானது.

இப்போதெல்லாம் சோதனையின்போது சென்ட் இருக்கும் இடத்தில் எம்பிஐ_எஸ்சென்ட் போட்டுப் பார்க்கிறேன். எதிர்ப்பக்கம் வாங்கத் தொடங்காமல் அது முடியவே முடியாது. அதனால் இந்தக் கோளாறு சின்னக் கட்டத்திலேயே, மடிக்கணினியிலேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு தலைவலி, 8 பிராசஸில் ஒரு விடை, 64-இல் கடைசி இலக்கங்கள் வேறு. பிழையா, தோராயமாக்கலா? ஓர் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் இரட்டைத் துல்லியத்தில் 10,00,00,00,00,00,00,000-உடன் 1 கூட்டினால் அந்த 1 காணாமல் போய்விடும். பிராசஸ் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசை மாறும், வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுப்போம் என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தொடர் நிரலை (ஒரே செயலியில் ஓடுவதை) அழிக்காமல் வைத்திருங்கள்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே சொன்ன கணக்கும் உண்டு. வேலையில் 5 சதவீதம் இணையாக்க முடியாததென்றால், எத்தனை ஆயிரம் செயலி போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. எனவே முதலில், நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் புரொஃபைலர். நேரம் எங்கே போகிறது என்ற நம் ஊகம் பல தடவை தப்பாகவே இருக்கும் (என்னுடையதும்தான்).

சமீபத்தில் ஓர் ஆய்வு மாணவி தன் நிரலை எம்பிஐக்கு மாற்ற உதவி கேட்டார். எத்தனை தடவை ஓட்டுவீர்கள் என்றேன். ஒவ்வொன்றும் 11 மணி நேரம், வெவ்வேறு உள்ளீட்டோடு 6 தடவை என்றார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 6 ஓட்டங்கள். ஒரே கணினியில் 6 கோர்களில் தனித்தனியாக ஓடவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் மதியத்துக்குள் ஆறு விடையும் இருந்தன. எம்பிஐ ஒரு வரிகூட எழுதவில்லை.