சோம்பல் கண்ணை மூளை எவ்வளவு ஒதுக்குகிறது?

கோத்தகிரியில் ஒரு பள்ளிக் கண் முகாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை எழுத்துப் பலகையில் இடது கண்ணால் 6/6 வரி (இயல்பான பார்வை) படிக்கிறது, வலது கண்ணால் பெரிய எழுத்துள்ள 6/24 வரியைத் தாண்டவில்லை. சோம்பல் கண், அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறைந்த கண், என்று சந்தேகிக்க இது போதும். ஆனால் இரு கண்ணும் திறந்திருக்கையில் மூளை வலது கண்ணின் படத்தை எவ்வளவு பரப்பில், எவ்வளவு அழுத்தமாக ஒதுக்குகிறது என்று எழுத்துப் பலகை சொல்லாது. இந்த ஒதுக்கலை, அதாவது பார்வை ஒடுக்கத்தை, தனியாகத்தான் அளக்க வேண்டும்.

பரப்பை அறிய வொர்த் நான்கு புள்ளி டார்ச். ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு வெள்ளை. பவர் கண்ணாடிக்கு மேலேயே வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் பச்சைக் கண்ணாடி மாட்ட வேண்டும். சிவப்பு வழியே இரண்டு புள்ளி தெரியும், பச்சை வழியே மூன்று. இரு கண்ணும் சேர்ந்தால் நான்கு. மூன்று மட்டும் என்றால் வலது கண் ஒடுங்கியிருக்கிறது. இரண்டு என்றால் இடது. ஐந்து என்றால் இரட்டைப் பார்வை. ஆனால் இரண்டும் மூன்றும் மாறி மாறித் தெரியும் பிள்ளை கூட்டி ஐந்து என்று சொல்லிவிடும். "எல்லாம் ஒரே நேரத்துல தெரியுதா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

33 செ.மீ. தூரத்தில் புள்ளிகள் ஏறத்தாழ 6 பாகை விரிந்திருக்கும். 1 மீட்டரில் 2 பாகை, 2 மீட்டரில் 1 பாகை. டார்ச்சை மெல்லப் பின்னுக்கு எடுத்துப்போனால், எங்கே நான்கு மூன்றாகிறதோ அதுதான் ஒடுங்கிய பகுதியின் அளவு. நடுவில் சிறிய ஒடுக்கம் உள்ளவர் கிட்டத்தில் நான்கு சொல்லித் தப்பிவிடுவார். அதனால் கிட்டத்தோடு நிறுத்துவது பெரிய தவறு.

மலிவான கண்ணாடியில் வேற்று நிறம் கசியும். தொடங்குமுன் ஒவ்வொரு கண்ணாக மூடி, சிவப்பு வழியே பச்சைப் புள்ளி அறவே மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மலைக் குளிரில் மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கும். துடைக்காவிட்டால் பொய் முடிவு வரும். முதலில் விளக்கு எரியும் அறையில் சோதிப்பது நல்லது. இருட்டில் புள்ளிகளைத் தவிர இரு கண்ணையும் இணைக்க வேறு பிடிமானம் இல்லாததால், அன்றாடம் சேர்ந்து பார்க்கும் கண்களும் பிரிந்துவிடலாம்.

அழுத்தத்தை அளக்க ஸ்பீசா பட்டை. வரவர அடர்த்தி கூடும் சிவப்பு வடிகட்டிகளை நல்ல கண்ணின் முன் ஒவ்வொன்றாக நகர்த்தி, பேனா விளக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த எண் வடிகட்டியில் விளக்கு இரண்டாகத் தெரிகிறதோ அதைக் குறிக்கலாம். மெல்லிய வடிகட்டியிலேயே இரண்டானால் ஒடுக்கம் வலுவற்றது. மாறுகண் உள்ள பெரிய பிள்ளைக்கு அந்த நிலையில் நல்ல கண்ணை மூடும் சிகிச்சை தொடங்கினால், தீராத இரட்டைப் பார்வை வரும் அபாயம் உண்டு.

கணினி முறையில், நல்ல கண்ணுக்கு மட்டும் படத்தின் வெளிர்-கருமை வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, இரு கண்ணும் சமமாகும் புள்ளியைப் பிடிக்கிறார்கள்.

"ஒடுக்கம் உண்டு" என்று மட்டும் எழுதினால் அடுத்த வருகையில் ஒப்பிட முடியாது. "33 செ.மீ.: 4, 2 மீ.: 3, விளக்கு எரிய, பவர் கண்ணாடியுடன்" என்று எழுத வேண்டும்.